தினேஸ்வரி வாய் திறக்காதது பற்றி

அனுப்புநர்:
திருமதி அகதா டொமினிக்,
சிலிபின், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
தமிழ்ப்பள்ளிகளின் அமைப்பாளர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம், ஈப்போ, பேராக்.

பொருள்: ஆஷ்வெல் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவி தினேஸ்வரியைச் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றும் பரிந்துரையை நிறுத்திவைத்து, மறுசோதனை நடத்த வேண்டுதல், மெய்யெழுத்துகளின் ஒலிகளைத் தனித்தனியே கற்பிக்க ஏற்பாடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆசிரியை அல்ல. ஈப்போவில் கான்வென்ட் பள்ளியில் படித்தேன். தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமான பின் சிலிபினில் என் சொந்த வீட்டில் வசிக்கிறேன். வீட்டின் பின்பகுதியில் ஷர்மினி என்பவர் தம் ஏழு வயது மகள் தினேஸ்வரியுடன் குடியிருக்கிறார். அவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து திரும்பும் வரை பிள்ளை என்னிடம் இருப்பாள். இம்மனுவை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன்.

2. சென்ற மாதம் அப்பள்ளியில் வாசிப்புச் சோதனை நடந்தது. வேறு பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்து எழுத்தட்டைகளைக் காட்டினார். தினேஸ்வரி ஓர் எழுத்தைக்கூடச் சொல்லவில்லை. 'எழுத்துகள் தெரியவில்லை; பதில் சொல்வதில்லை' என்று அவளைப் பற்றிக் குறிக்கப்பட்டது. இப்போது அவளை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, பட்டணத்திலுள்ள வேறொரு பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்க்கும்படி பரிந்துரை வந்துள்ளது. இம்மாத இறுதிக்குள் தாயார் கையொப்பமிட வேண்டும்.

3. என் வீட்டில் இந்தப் பிள்ளை வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. என் குழம்பில் உப்புக் குறைந்தால் முதல் கவளத்திலேயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று அவளையே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டீச்சர்தான் ஆன்ட்டி முதல்ல சொல்லுவாங்க, அப்புறந்தான் நாங்க சொல்லணும். அந்த சார் கார்ட காட்டிட்டு சும்மா பாத்துக்கிட்டே இருந்தாரு லா. அவரு சொல்லவே இல்ல."

அந்த ஆசிரியர் பிள்ளை சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். பிள்ளையோ ஆசிரியர் சொல்லட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிறாள். இருவர் மீதும் குற்றமில்லை. ஆனால் எழுதப்பட்டது பிள்ளையின் பெயரில்.

4. ஒரு குழந்தையின் வார்த்தையை மட்டும் நம்பி உங்கள் நேரத்தை வீணாக்க நான் விரும்பவில்லை. தலைமையாசிரியர் திரு. பழனியப்பனின் அனுமதியோடு ஒரு காலைப்பொழுது வகுப்பறைக்கு வெளியே நாற்காலி போட்டு அமர்ந்து கேட்டேன். ரப்பர் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டதால் அங்கே பிள்ளைகள் குறைவு. முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே அறையில் படிக்கின்றன. ஆசிரியை திருமதி விமலா ஒருவரே இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். அவர் 'க்' என்று தொடங்கிவைப்பார். சிறியவர்கள் ஒரே குரலில் வரிசையை இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த இடைவேளையில் அவர் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் பக்கம் போவார். ஒரு பிள்ளையாவது தனியாக எழுந்து ஓர் ஒலியைச் சொன்னதை நான் கேட்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்லியபோது அவர் கோபப்படவில்லை, சிரித்துவிட்டார். "கோரஸ் நின்னா அந்தப் பக்கம் சண்டை ஆரம்பிச்சிரும்க்கா. நான் ஒரு ஆளு, ரெண்டு வாயா இருக்கு எனக்கு?" என்றார். அவர் உழைப்பை நான் மதிக்கிறேன். இம்மனு அவருக்கு எதிரானதன்று என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

5. பிறகு என் சாப்பாட்டு மேசையில் தினேஸ்வரியிடம் எழுத்துகளைக் கலைத்துக் காட்டி, இங்கே நீதான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். யாராவது வந்து கண்டிப்பார்களோ என்று வாசலை ஒருமுறை பார்த்தாள். அதன்பின் சொன்னாள். ம, ப, ட ஆகியவற்றைத் தயங்காமல் சொன்னாள். 'ல்' என்பதைக் காட்டியபோது, முதலிலிருந்து வரிசையை முணுமுணுத்து, விரலால் தாளம் போட்டு, அந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். 'கல்' என்ற சொல்லை அவளால் வாசிக்க முடியவில்லை. உண்மையை மறைத்து மனு எழுதும் பழக்கம் எனக்கில்லை: இப்பிள்ளைக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. ஆனால் இவளுக்குக் கற்கத் தெரியாது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. மெய்யொலியைத் தனியே எடுத்துச் சொல்லும்படி யாரும் இவளை இதுவரை கேட்டதே இல்லை.

6. காதால் பிரித்தறிவதே என் தொழிலாக இருந்தது. பழுதான கம்பியில் உயிரொலிகள் எப்படியும் வந்து சேர்ந்துவிடும், தொலைவது மெய்யொலிகள்தாம். அவை தொலைந்தால் அழைப்பவர் லூமுட் ஊருக்கு இணைப்புக் கேட்கிறாரா வேறெங்கோ கேட்கிறாரா என்று பிடிபடாது. அன்று அந்த வகுப்புக்கு வெளியே அமர்ந்திருந்தபோதும் அதுவே நடந்தது. தாளம் கேட்டது, ராகம் கேட்டது. எந்தப் பிள்ளை எந்த மெய்யைச் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. ஆசிரியைக்கு மட்டும் எப்படித் தெரியும்?

7. சிறப்புக் கல்வி வகுப்பை நான் குறைவாக நினைக்கவில்லை. அது தேவைப்படும் பிள்ளைக்கு அது வரம். தேவையில்லாத ஒருத்தி அங்கே அமர்ந்தால் தேவையான இன்னொரு பிள்ளை வெளியே நிற்கும். இதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொன்னேன். "பேரு மேல போயிருச்சும்மா, இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்ல லா" என்றார். அந்த 'மேலே' தாங்கள்தான் என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

8. நான் வேண்டுவன: தினேஸ்வரிக்கு அவள் வகுப்பறையிலேயே மறுசோதனை நடத்த வேண்டும், 'நீ முதலில் சொல்' என்று அவளிடம் தெளிவாகக் கூறிய பிறகே அட்டையைக் காட்ட வேண்டும். முடிவு வரும் வரை மாற்றத்தை நிறுத்திவைக்க வேண்டும். அவ்வகுப்புக்குத் துணையாசிரியர் ஒருவரை, நாளில் சிறிது நேரத்துக்காவது, தர வேண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மெய்யையும் தனிக்குரலில் சொல்லி, பக்கத்து எழுத்தோடு சேர்த்து வாசித்துப் பழகட்டும். கோரஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது முடிந்த பிறகும் பாடம் இருக்கட்டும் என்கிறேன்.

9. ஷர்மினி இன்னும் கையொப்பமிடவில்லை. தங்கள் முடிவு எதுவாயினும், மறுப்பாகவே இருந்தாலும், மாத இறுதிக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். கடிதத்தை என் முகவரிக்கே அனுப்புங்கள். அவருக்கு அதை நான்தான் வாசித்துக்காட்ட வேண்டும். ஷர்மினியும் அதே பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்தான்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அகதா டொமினிக்
(கையொப்பம்)

இடம்: சிலிபின், ஈப்போ
நாள்: 11 ஆகஸ்டு 2025

நகல்: தலைமையாசிரியர், ஆஷ்வெல் தோட்டத் தமிழ்ப்பள்ளி