கண்ணாடி டம்ளரில் மூன்று நிறம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மூடாக்கு. மழை இல்லை, புழுக்கம்தான். துணி காயவில்லை. பள்ளிக்கூட ஆபீஸில் அட்மிஷன் கூட்டம். தலைவலி.

வீட்டுக்கு வந்தால் அடுக்களை முழுக்கத் தோல். மாம்பழம், தர்பூசணி, கிவி. அவர் மிக்சி கழுவிக்கொண்டிருந்தார். போனில் ஏதோ வீடியோ பார்த்தாராம். ஒரே டம்ளரில் மூன்று நிறப் பழச்சாறு, ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்கடுக்காக நிற்குமாம். ஞாயிற்றுக்கிழமை ராகவ் வீட்டார் மாட்டுங்காவிலிருந்து வருகிறார்கள். ஷாலுவின் கல்யாணப் பேச்சுக்கு முதல் தடவை. அவர்களுக்கு இதைக் கொடுக்க யோசனை.

"டீயும் மிக்சரும் எல்லாரும்தான் குடுப்பாங்க கோமு."

காலி ஊறுகாய் பாட்டிலில் ஊற்றிப் பார்த்திருக்கிறார். எல்லாம் கலந்து செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி. கண்ணாடி டம்ளர் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று கேட்கவில்லை. போன தீபாவளிக்கு மறுநாள் அத்தனையையும் தூக்கிக் குப்பையில் போட்டது நான்தான். தெரியும் அவருக்கு.

அதற்குப் பிறகு அவர் குடியைத் தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

அவர் ஸ்டேஷன் மார்க்கெட் போய் ஆறு கண்ணாடி டம்ளர் வாங்கி வந்துவிட்டார். நீளமானவை. மேடையில் கவிழ்த்து வைத்திருந்தார். ஷாலு வேலை விட்டு வந்தவள் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏ க்யா ஹை மா? என்ன இது?"

ஜூஸுக்கு என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவும் வரவில்லை.

கேஸ் புக் பண்ண வேண்டும். மறக்கக் கூடாது.

ஜூன் 5, வியாழன்

மழை. சாயங்காலம் டம்ளரைக் கையில் கொடுத்தார். கீழே மஞ்சள், நடுவில் பச்சை, மேலே சிவப்பு. ஓரளவு நின்றிருந்தது. சீனிதான் சூட்சுமமாம். மாம்பழக் கூழில் நிறைய, கிவியில் கொஞ்சம், தர்பூசணிக்குச் சீனியே கிடையாது. கனமானது அடியில் உட்கார்ந்துவிடும். ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வலது கை நடுங்குகிறது, இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊற்றுகிறார். டிராம்பே கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தவர். குடியால் வேலை போனது, கை இப்படி ஆனது அதற்கும் முன்னால்.

டம்ளரை வாங்கினேன். குடிப்பதற்கு முன் மூக்குக்குக் கொண்டுபோனேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிற்று.

பார்த்துவிட்டார்.

"மோந்து பாரு. நல்லா மோந்து பாரு. ஒனக்கு முதல்ல குடுத்ததே அதுக்குத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. குடித்தேன். இனிப்பாக இருந்தது. வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 6, வெள்ளி

அவர் பால் வாங்கப் போன நேரம் ஷாலு அடுக்களைக்கு வந்தாள்.

"மா, சண்டே அப்பா வீட்ல இருக்க வேணாம்."

என்னட்டி சொல்லுதே என்றேன்.

"அவங்ககிட்ட அப்பா சூரத்ல வேலையில இருக்காருன்னு சொல்லியிருக்கேன். ராகவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். ப்ளீஸ் மா. நீயே சொல்லிடு."

அப்பா இப்போது நன்றாகத்தானே இருக்கிறார் என்றேன். சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"என் கான்வகேஷனுக்கு வந்தப்பவும் காலைல நல்லாத்தான் இருந்தாரு."

அன்றைக்கு மாஹிம் ஸ்டேஷன் படியில் விழுந்து கிடந்தவரை அந்தக் கறுப்பு அங்கியோடு தூக்கி டாக்சியில் ஏற்றியவள் அவள். நான் அன்று லீவு கிடைக்காமல் ஆபீஸில் இருந்தேன். அவள் கேட்பது தப்பு என்றும் சொல்ல வரவில்லை, சரி என்றும் சொல்ல வரவில்லை.

ஜூன் 7, சனி

விடாத மழை. வாங்க வேண்டியது: தர்பூசணி (சின்னது போதும்), கிவி, ஐஸ், பேப்பர் நாப்கின், சமோசாவுக்குச் சொல்ல. மாம்பழம் இருக்கிறது, கடைசி பெட்டி.

காலையிலிருந்து சொல்ல வாயெடுத்து வாயெடுத்து நிறுத்தினேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நீலக்கோடு போட்டது. காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். மத்தியானம் மாம்பழம் நறுக்கும்போது சொல்லிவிட்டேன். ஷாலு பயப்படுகிறாள், முதல் தடவை மட்டும் நீங்கள் வெளியே இருந்தால் அவளுக்கு நிம்மதி என்று. சூரத் விஷயத்தைச் சொல்லவில்லை.

கத்தியை வைத்தார். கையைத் துடைத்தார்.

"எத்தன மணிக்கு வருதாங்க?"

நாலு மணி என்றேன்.

"அப்ப மூணரைக்கு ஊத்தி வெச்சாத்தான் கலையாம நிக்கும். ஊத்திட்டுப் போயிடுதேன்."

முன்பெல்லாம் ஒரு வார்த்தை சொன்னால் தட்டு பறக்கும். இன்றைக்கு ஒரு தட்டு பறந்திருக்கலாம். எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்றரைக்கு ஐந்து டம்ளர் ஊற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் ஒன்று கலங்கிவிட்டது, அதைக் கொட்டிக் கழுவித் திரும்ப ஊற்றினார். மஞ்சள், பச்சை, சிவப்பு. கோடு கிழித்த மாதிரி நின்றது. ஃப்ரிட்ஜுக்குள் அடுக்கிவிட்டு, "மெல்ல எடு, ஆட்டாதே" என்றார். நீலக்கோட்டுச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டார். குடை எடுத்தார். டிராம்பே பக்கம் போய்வருவதாகச் சொன்னார்.

டிராம்பேயா என்று எனக்குத் திக்கென்றது. பழைய கூட்டாளிகள் அத்தனை பேரும் அங்கேதான். ஷாலு அறையிலிருந்து வெளியே வரவில்லை.

அவர்கள் நாலேகாலுக்கு வந்தார்கள். ராகவ், அப்பா, அம்மா. நல்ல மனிதர்கள். வீடு சின்னது என்று முகம் சுளிக்கவில்லை. டம்ளரைக் கொண்டுவந்ததும் அந்த அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அரே வா! கலரே கலையலையே. யாரு செஞ்சது?"

நான் வாயைத் திறந்தேன்.

"ஆன்லைன்ல ஆர்டர் பண்ணோம் ஆன்ட்டி" என்றாள் ஷாலு.

ராகவ் குனிந்து தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதிதான் குடித்தான். அவர்கள் இருந்த நேரம் முழுக்க என் காது வாசலில். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்தேன். என்ன பேசினோம் என்று பாதி நினைவில்லை.

ஏழு மணி சுமாருக்கு வந்தார். தோளெல்லாம் நனைந்திருந்தது. கதவைத் திறந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே கிட்டே வந்து, நின்று, என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார். ரோட்டில் போலீஸ்காரன் முன்னால் ஊதுகிற மாதிரி.

டீ வாசனை. அவ்வளவுதான்.

"படகுத் துறையில உக்காந்திருந்தேன். கலையாம நின்னுச்சா?"

நின்றது என்றேன்.

"யாரு செஞ்சான்னு கேட்டாங்களா?"

கேட்டார்கள் என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

துண்டு எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மழை விட்டிருக்கிறது. கேஸ் வந்தது.

சாயங்காலம் ராகவ் அம்மா போன். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், ஷாலுதான் எடுத்து எனக்காக ஸ்பீக்கரில் போட்டாள். அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ரொம்பத் திருப்தி. ஷாலினி அப்பா சூரத்துலேர்ந்து எப்ப வராரு? பெரியவங்க நாலு பேரும் உக்காந்து பேசினாத்தானே தேதி பார்க்க முடியும்? நாங்க அடுத்த ஞாயித்துக்கெழம வர்றோமே."

ஷாலு ஸ்பீக்கரை அணைக்கத் தடுமாறினாள். அதற்குள் எல்லாம் கேட்டாயிற்று. வரச் சொல்கிறோம் ஆன்ட்டி, கேட்டுச் சொல்கிறேன் என்று ஏதோ உளறி வைத்தாள்.

என் கையெல்லாம் மாவு. அவர் டீயை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"சூரத்துல எந்தக் கம்பெனின்னு சொன்னே?"

"அப்பா..." என்று ஷாலு அழ ஆரம்பித்தாள்.

"அழாதட்டி. சொல்லு. அவங்க கேப்பாங்க. நீ ஒண்ணு, நான் ஒண்ணு சொல்லிடக் கூடாதுல்லா?"

"டெக்ஸ்டைல் மில்லுப்பா. சூப்பர்வைசர்னு சொன்னேன்."

"சூப்பர்வைசரா?" என்றார். "எத்தன வருஷமா?"

"அது சொல்லலப்பா."

"சரி. ரெண்டு வருஷம்னு வெச்சிக்கிடுவோம். கோமு, நீயும் ரெண்டுன்னே சொல்லு."