வாசலில் நிற்கும் வேன்

திங்கட்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். ஆஸ்பத்திரி மெசின்களைத் திருத்தும் என் மேசையில் மூன்று மெசின்கள். விரல்களில் ஜெல்லின் வாசம். கர்ப்பிணியின் வயிற்றில் அதைத் தடவி, பெல்ட் கட்டினால், பிள்ளையின் இதயத் துடிப்பைத் தாளில் கீறித் தரும் மெசின்கள் இவை. இந்த வாசத்தோடு நீயும் வந்துவிடுகிறாய், மச்சான்.

சற்று முன் மாமி போன் எடுத்தார். "மகன், புள்ளைக்கு நோவு வந்திட்டு. வேன் வாசல்ல நிக்கிது. கெதியா வாங்க."

என் மனைவிக்கு இது முதல் பிள்ளை. மாதம் நிறைந்துவிட்டது, நோய் நொடி எதுவுமில்லை. தண்ணீர்க்குடம் உடையவில்லை, இரத்தம் இல்லை, பிள்ளை நன்றாக அசைகிறது, நோவு எப்போதாவதுதான் வருகிறது. வார்ட் மிட்வைஃபிடம் கேட்டேன். "வீட்டில நடக்க விடுங்க. நோவு கிட்டக் கிட்ட வந்தா, இல்லாட்டி தண்ணி உடைஞ்சா உடனே கொண்டு வாங்க" என்றார். மாமியிடம் அப்படியே சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில வேல செய்யுற மருமகன் இருந்தும் புள்ளய வீட்டில வெச்சிருந்தாங்கெண்டு ஊர் கதைக்காதா?"

உன் மாமியும் இதையேதான் கேட்டார். நம் ஊரில் கல்யாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்குப் போகிறவன். அங்கே நீ டொக்டரென்றாலும் மருமகன்தான். உன் மனைவிக்கு முதல் நோவு கண்டதும் வேன் நிறைய ஆட்கள் ஏறினார்கள். நீயும் கூடவே ஏறினாய். வார்டில் படுக்க வைத்து பெல்ட் கட்டினார்கள். நடக்க வழியில்லை. நோவு முன்னேறவில்லை என்று மருந்து ஏற்றினார்கள். தாளில் கோடு தாழ்ந்தது. பிறகு தியேட்டரில் வயிற்றை வெட்டி உன் மகளை எடுத்தார்கள்.

அடுத்த கிழமை கன்டீனில் பிளேன்டீ குடிக்கும்போது, "மெசின்ல பிழையில்லடா, வாசிக்கத் தெரியாதவன் நீதான்" என்றேன். நீ சிரித்தாய்.

"உன்ட மெசினுக்கு ஒண்டுமில்ல. நாங்க நேரத்தோட போய்ப் படுத்திட்டம். படுத்தா கட்டுவாங்க, கட்டினா பாப்பாங்க, பாத்தா பயப்படுவாங்க."

அதற்குப் பிறகு வார்டில் முதல் பிள்ளைக்காரிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டாய்: எப்போது வந்தாய், யார் கூட்டி வந்தது, ஏன். சிலருக்குப் பிள்ளை மாறிக் கிடக்கும், சிலருக்குத் துடிப்பு உண்மையாகவே விழும். "அதுக்கு வெட்டத்தான் வேணும். மத்ததெல்லாம் நாங்க சேத்துக் குடுக்கிற காரணம்" என்பாய்.

கோமாரிப் பக்கம் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கிய அன்று உன் உயிரோடு அந்தக் கேள்வியும் போயிற்று. இப்போது வார்டில் யாரும் கேட்பதில்லை. எனக்கு உன்மேல் இருக்கும் கோபம் அதுதான்.

லேபர் ரூமில் இந்த மெசினுக்காகக் காத்திருக்கிறார்கள். சோதனை ஓட்டம் முடியும்வரைதான் உனக்கு எழுத நேரம். எனக்குப் பொறுமை இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதியே வைக்கிறேன்.

1. வேனைத் திருப்பி அனுப்ப மாட்டேன். மாமியின் ஆறுதலுக்கு வாசலிலேயே நிற்கட்டும்.
2. ஊர் கதைத்தால் என் பெயரைச் சொல்லச் சொல்வேன்.
3. அவளோடு வீட்டு வளவுக்குள் நடப்பேன்.
4. மிட்வைஃப் சொன்ன அடையாளம் கண்டால் அந்த நிமிடமே ஏறுவோம்.
5. அதற்குப் பிறகும் தியேட்டர்தான் என்றால், யாரையும் ஏசாமல் கையெழுத்து வைப்பேன்.
6. எப்படிப் பிறந்தாலும், பிள்ளையைப் பார்க்க முதலில் உன் மகளைக் கூட்டி வருவேன்.