தட்டின் முதல் பக்கம்

ஜனவரி 19, ஞாயிறு

டிரம்ஸ் அடிக்கும் சுந்தரராஜ் இன்று குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தான். "பதினோரு வருஷம் கொடைக்கானல்ல பாடிப் பேரு வாங்கிருக்கோம். பெரும்பாறை எஸ்டேட்டுக்குள்ள பாடுற ஆளுகளுக்கு எதுக்கு சுதா நம்ம தட்டுல பாதி? பாத்திரம் அறிஞ்சு பிச்ச போடுன்னு சொல்லிருக்காங்க."

எதுக்கா? இந்த வருடம் எங்கள் 'டம்டம்பாறை' குழுவிடம் நல்ல பாட்டு இரண்டுதான் இருக்கிறது. மீதியை ஒப்பேற்றி முழு இசைத்தட்டு போட எனக்கு மனசில்லை. ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் பெரும்பாறையின் 'மிளகுக்கொடி' குழு. எங்கள் பேருக்காக வாங்குகிறவன் திருப்பிப் போட்டால் அவர்களையும் கேட்பான். எங்களையும் ஆரம்பத்தில் ஒரு பெரிய குழு இப்படித்தான் முதுகில் ஏற்றிக்கொண்டது. அதை ஞாபகப்படுத்தியதும் குச்சியை எடுத்துக்கொண்டான். என்னிடம் பேசி ஜெயிக்க முடியாது, அவனுக்குத் தெரியும்.

பிப்ரவரி 8, சனி

பெரும்பாறையில் ஒலிப்பதிவு. காளியாயி காப்பிப்பழம் பறித்துவிட்டு அதே சேலையோடு வந்து பாடினாள். அவள் தம்பி செல்லப்பாண்டி தப்பு அடித்தான். பாட்டின் பேர் 'பிரட்டு'. தோட்டத்தில் காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அது. அவள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சொல். பாட்டில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறாள். கடைசிப் பேருக்கு மட்டும் பதில் வருவதில்லை.

நன்றாகத்தான் பாடுகிறாள். எங்களுக்குப் பின்னால் போடலாம்.

பிப்ரவரி 27

மிளகுக்கொடியின் பதிவு, தட்டு அச்சடிக்கும் ஆலைக்குப் போயாச்சு. எங்களுடையது இன்னும் முடியவில்லை. சுந்தரராஜுக்குச் சளி, எனக்கு எரிச்சல்.

மார்ச் 30, ஞாயிறு

ஆலையிலிருந்து மாதிரித் தட்டு வந்தது. அதில் பேர் ஒட்டியிருக்காது. எந்தப் பக்கம் யாருடையது என்று நாம்தான் எழுதி அனுப்ப வேண்டும். முதல் பக்கம் டம்டம்பாறை, இரண்டாவது மிளகுக்கொடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிளேயரில் பெல்ட் அறுந்து கிடக்கிறது. கேட்காவிட்டால் என்ன, வேறு எப்படி இருக்கப்போகிறது?

ஏப்ரல் 29, செவ்வாய்

தட்டு வெளிவந்து மூன்று நாள். போன் ஓயவில்லை. மதுரையிலிருந்து புவனா, பத்து வருடமாக எங்கள் கச்சேரி ஒன்றையும் விடாதவள்: "இதுவரைக்கும் நீங்க பாடுனதுலயே இதான் பெஸ்ட். குரலே மாறிருச்சு. பேர் கூப்பிடுற எடத்துல அழுதுட்டேன்."

எங்கள் பாட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லையே.

புது பெல்ட் மாட்டித் தட்டைப் போட்டேன். டம்டம்பாறை என்று ஒட்டிய பக்கத்தில் காளியாயி பாடுகிறாள். அவர்கள் பதிவு முதலில் போனது, ஆலையில் வந்த வரிசைப்படியே போட்டுவிட்டார்கள். முந்நூறு தட்டிலும் பேர் மாறிக் கிடக்கிறது. கேக்காமக் கையெழுத்துப் போட்டது யாரு? நான்தானே. மொதப் பக்கம் நமக்குத்தான்னு ஒரு நெனப்பு. எவ்வளவு கொழுப்பு எனக்கு.

ஏப்ரல் 30

சுந்தரராஜ் சொன்னான்: "சும்மா இரு சுதா, யாருக்குத் தெரியப்போகுது?" சொன்னவனுக்கே முகம் நிமிரவில்லை.

ஒரு நிமிஷம் எனக்கும் அந்த ஆசை வந்தது. மறந்துவிடக் கூடாது என்றுதான் எழுதிவைக்கிறேன்.

மே 1, வியாழன்

பெரும்பாறைக்குப் போய்க் காளியாயியிடம் நேரிலேயே சொன்னேன்.

"எங்க பேரு ஒட்டியிருந்தா இத்தன பேரு அந்தப் பக்கத்துல ஊசிய வச்சிருப்பாங்களாக்கா?"

பேசி ஜெயித்துவிட்டாள். என்னிடம்!

"சரி, கேட்டுட்டாங்க. இனி யாரு பாடுனதுன்னு சொல்லிருங்க. போன்ல இல்ல, மேடையில. நாங்களும் வந்துருவோம்."

மே 17, சனி

கோடைக் கச்சேரி. ஏறியதுமே கூட்டம் 'பிரட்டு' கேட்டது. மைக்கில் சொன்னேன்: "அது எங்க பாட்டு இல்லைங்க. நான் கேக்காமப் பேரு மாத்தி ஒட்டிட்டேன். பாடுனவங்க பேரு காளியாயி. இங்கதான் இருக்காங்க."

கிட்டாரோடு இறங்கிவந்தேன். அவள் பாடி முடித்தபோது என் பக்கத்தில் சுந்தரராஜ் மெதுவாக, "இதுக்கு அடுத்து நாம ஏறணுமா?" என்றான். ஏறினோம். பல வருடத்துக்குப் பிறகு பயந்து வாசித்தோம். நன்றாகவே வாசித்தோம்.

ஜூன் 3

விற்காத நூற்றெழுபது தட்டிலும் சரியான பேரை ஒட்டி முடித்தோம். சுந்தரராஜ் கையெல்லாம் பசை.

டிசம்பர் 14, ஞாயிறு

காளியாயி கூப்பிட்டாள். மிளகுக்கொடிக்குப் புதுத் தட்டு வருகிறது. மறுபக்கம் எங்களுக்குத்தானே என்று கேட்டுவிட்டேன். அந்தக் கொழுப்பு அவ்வளவு லேசில் போகாது.

"இல்லக்கா, பள்ளங்கி ஊருப் பொண்ணுங்க மூணு பேரு. அவங்கள ஒருத்தருக்கும் தெரியாது. எதுக்குப் பாதியத் தூக்கிக் குடுக்கணும்னு செல்லப்பாண்டி மல்லுக்கு நிக்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"நமக்கும் ஒருத்தங்க பேரு தேவப்பட்டுச்சுல்லடான்னேன். வாய மூடிட்டான்."

வைக்கும் முன் சொன்னாள்: "மாதிரித் தட்டு வந்துருச்சுக்கா. ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

குசும்பு கூடிப்போச்சு அவளுக்கு.