ஒன்பதாவது பத்தி

நவம்பர் 5, புதன்

எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லையில் தேங்கியிருந்த தண்ணீரை விளக்குமாறால் தள்ளினேன். இரவெல்லாம் மழை. இவர் வயலைப் பார்த்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து, "வடிஞ்சிடும்" என்றார். இவருக்கு எல்லாமே வடிந்துவிடும்.

வேலைக்குப் போகும் வழியில் துறைமுக லாரி ஒன்று சேலை முழுக்கக் கறுப்புத் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. நிலக்கரிக் கறை. இன்னும் போகவில்லை.

சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் நாள். மருந்து ஜன்னலில் ஒரு மணிவரை நிமிரவில்லை. சர்க்கரை மாத்திரை, மெட்ஃபார்மின் 500, இருப்பு இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் வரும். மருந்து கேட்டு இண்டென்ட் போட வேண்டும்.

கடைசியாகச் செல்வராசு அண்ணன். கூட்டம் போகட்டும் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு நகரவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். அத்தனையும் இங்கிலீசு. வக்கீல் மெட்ராசுல இருக்காரு, போன்ல பிடிக்க முடியல."

"என்னதுண்ணே?"

"என் கேசு பதினோரு வருசம் இழுத்துச்சுல்ல. அவ்வளவு நாள் ஒருத்தன அலைய விட்டதுக்கு கவர்மெண்டு நஷ்டஈடு தரணும்னு ஹைகோர்ட்டுல போட்டிருக்கோம். காலத்துல தீர்ப்பு கிடைக்கிறது மனுச உரிமையாம். அதுக்கு கவர்மெண்டு பதில் குடுத்திருக்கு."

படித்தேன். ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னேன். எட்டு வரை ஒன்றுமில்லை, தேதிகள்தான். ஒன்பதாவதில் நான் இருந்தேன். பெயர் இல்லை, அ.சா. 4 என்று. அரசு தரப்பு நான்காவது சாட்சி.

ஒன்பதாவது சொல்வது இது. வழக்கு நீண்டது அரசால் அல்ல. முக்கியமான சாட்சி அ.சா. 4. எத்தனை முறை சம்மன் கொண்டுபோயும் அவர் வீட்டில் இல்லை. அவரும் மனுதாரரும் ஒரே ஊர். ஆகவே மனுதாரரே அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு வரவிடாமல் செய்தார். தாமதத்துக்குத் தானே காரணமானவர் இழப்பீடு கேட்க முடியாது.

அதை வாய்விட்டுச் சொல்லாமல் எட்டிலிருந்து பத்துக்குப் போய்விட்டேன். குரல்கூட மாறவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."

"என் மேல குத்தம் எதுவும் சொல்லலியா?"

"பொதுவாத்தான் சொல்லியிருக்காங்க."

தாளை நான்காக மடித்துக் கவரில் போட்டுக்கொண்டார். "சாப்பிடுற நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன்." போய்விட்டார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

தூறல். வலது கை மணிக்கட்டில் வலி.

ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன். இந்த நோட்டில்கூட இதை எழுதியதில்லை.

பதின்மூன்று வருடம் முன்பு, ஆடி மாதம். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட சமயம். மதகடியில் சண்டை. நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன், பாதையை மறித்திருந்தார்கள். செ. அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர். இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டிருந்தார். மண்வெட்டிக் காம்பால் அடித்தது கண்ணன். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன். அடிபட்டவருக்குக் கை முறிந்தது. விழுந்த காம்பைக் கையில் எடுத்தவர் செ. அண்ணன், இனி யாரும் எடுக்கக் கூடாதென்று. போலீஸ் வரும்போது அது அவர் கையில்.

கண்ணன் பெயரை யாரும் சொல்லவில்லை. மற்ற மூன்று சாட்சிகளும் முதல் வருடமே "கூட்டம், சரியாத் தெரியல" என்று முடித்துக்கொண்டார்கள். பாக்கி நான் ஒருத்தி.

நான் போயிருந்தால் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும். வழக்கு இருந்ததால் அவருக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்கவில்லை. மஸ்கட் வேலை போயிற்று. விசா காகிதம் தகரப் பெட்டியில் இருக்கிறதாம், ஒரு நாள் சொல்லிச் சிரித்தார்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி துவைத்தேன். கறுப்புக் கறை போகவில்லை.

சாயங்காலம் மல்லிகா. கண்ணன் மனைவி. அவன் செத்து நான்கு வருடம். மகளுக்குத் தை மாதம் நிச்சயம் என்று அதிரசம் கொண்டுவந்தாள். மாப்பிள்ளைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம், பாங்கு வேலை.

"பையன் வீட்ல நல்லா விசாரிச்சிருக்காங்கக்கா. வம்பு வழக்கு ஏதாவது உண்டான்னு. எங்க மாமனாருதான் சொன்னாங்களாம், எங்க குடும்பத்துல கோர்ட்டு வாசப்படிய மிதிச்ச ஆளே கிடையாதுன்னு."

"நான் மிதிச்சேனே."

"நீங்க சாட்சிக்கா. அது கணக்குல சேருமா?" சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "செத்தவங்க பேரு எதுலயும் வராமப் போனதே பெரிசு" என்றாள்.

அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். பதின்மூன்று வருடத்தில் இன்றுதான் இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறோம். உடனே அதிரசத்தில் வெல்லம் கூடிப்போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

நவம்பர் 9, ஞாயிறு

மீன் வாங்கவில்லை, யாரும் கடலுக்குப் போகவில்லையாம். முட்டைக் குழம்பு.

பீரோ அடியைச் சுத்தம் செய்தேன். வேறு எதையோ நினைக்கக் கூடாது என்றுதான் செய்தேன், அதையே நினைத்துக்கொண்டு செய்தேன். சம்மன் வந்தபோது இவர் வாசலில் நின்று சொன்னவை, ஞாபகத்தில் உள்ளவரை:

திருநள்ளாறு போயிருக்காங்க.
பிரசவத்துக்கு அம்மா வீடு. (பையனுக்கு அப்போது இரண்டு வயது.)
டிரெய்னிங், பாண்டிச்சேரி.
அவங்க அப்பாவுக்கு ஆபரேசன்.
திருநள்ளாறு. மறுபடியும்.

நான் உள்ளே. ஒரு தடவை அரிசி களைந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்கக் கூடாதென்று கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். போலீஸ்காரர் இவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பை நிரப்பி இவர் கையில் கொடுத்தது நான், கதவுக்குப் பின்னாலிருந்து.

இவர்மேல் பழி போடப் பார்க்கிறேன். இவர் ஒருநாளும் "போகாதே" என்று சொன்னதில்லை. "போறியா?" என்றுதான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஒன்பதாவது வருடம் கண்ணன் செத்தான், மாரடைப்பு. பதினோராவது வருடம் வாரண்ட் வந்தது, போனேன். கூண்டில் ஐந்து நிமிடம். செல்வராசு அடிக்கவில்லை, விலக்கிவிட்டார் என்றேன். அடித்தது யார் என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். அந்த மாதமே விடுதலை. அன்று செ. அண்ணன் கோர்ட் வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

உண்மை சொன்னவள் என்று இரண்டு வருடமாக மனதுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. எதுவும் போகாது என்று ஆன பிறகு சொன்ன உண்மை. அதிலும் பாதி.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் அந்தப் பதில் மனுவைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதாவதையும் சொன்னேன்.

"நீ போய்ச் சொல்லித்தான வெளிய வந்தான். இன்னும் என்ன வேணுமாம்?"

"அவரு கேக்கலைங்க."

"கேக்கலல்ல? அப்ப விடு." குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை, புழுக்கம். மெட்ஃபார்மின் வந்துவிட்டது.

செ. அண்ணன் வந்தார். போன வாரம்தான் ஒரு மாத மாத்திரை வாங்கினார். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காத மாதிரி:

"வக்கீல் போன் பண்ணாரு, தங்கச்சி. ஒன்பதாவது பத்தின்னு ஒண்ணு இருக்காமே."

மாத்திரை அட்டைகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கு உங்களுக்குப் படிக்கக் கஷ்டமா இருந்திருக்கும். உங்ககிட்ட குடுத்ததே தப்பு. எனக்கு வேற யாரையும் தோணல."

இப்போதும் அவர்தான் மன்னிப்புக் கேட்கிறார்.

"வக்கீல் என்னண்ணே சொல்றாரு?"

"அந்தச் சாட்சியே வந்து, என்னை யாரும் தடுக்கல, நானாத்தான் வரலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அந்தப் பத்தி அடிபட்டுப் போயிடுமாம். இருபதாம் தேதிக்குள்ள வேணுமாம். கேட்டுப் பாருங்கன்னாரு. கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏண்ணே?"

"ஏன் வரலன்னு அடுத்த கேள்வி வரும்ல. கண்ணன் பேரு வரும். நீங்க கோர்ட்டுல பாக்கலன்னு சொன்னது வேற இருக்கு. கவர்மெண்டு உத்தியோகம். அந்தப் புள்ளைக்கு இப்பதான் இடம் அமைஞ்சிருக்கு." அண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடமாக?

"அப்ப கேஸு?"

"தோத்துப் போவும். காசு போனாப் போவுது. என்ன ஒண்ணு, இழுத்தடிச்சது நானேதான்னு கோர்ட்டு காயிதத்துல ஏறிடும். அதுதான் ஒரு மாதிரியா இருக்கு. ஒரு வாய்தாகூடத் தவறினதில்ல நான். எங்கம்மா செத்து மூணாம் நாளு வாய்தா. அன்னிக்கும் போய் நின்னேன்."

பின்னால் ஒரு அம்மாள், "யோவ், மருந்து வாங்கிட்டீன்னா நகருய்யா, கதையா பேசிக்கிட்டு" என்றாள். "இந்தா நகந்துட்டேன் தாயி" என்று நகர்ந்து போயே விட்டார்.

அந்த அம்மாளுக்குப் பிரஷர் மாத்திரை தர வேண்டியதற்கு வேறு மாத்திரையை எடுத்துவிட்டேன். அவளே பார்த்துச் சொன்னாள். பதினெட்டு வருட வேலையில் இது முதல் தடவை.

நவம்பர் 14, வெள்ளி

விடியலில் பனி மாதிரி. கார்த்திகை பிறக்கப் போகிறது.

சாயங்காலம் இவர் உரம் வாங்கக் காரைக்கால் போயிருந்தார். பையன் டியூஷன். சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இண்டென்ட் தாளின் பின்பக்கம்.

என்னை யாரும் தடுக்கவில்லை. மனுதாரர் என்னிடம் ஒருநாளும் பேசக்கூட வந்ததில்லை. சம்மன் வந்த நாட்களில் நான் வீட்டில்தான் இருந்தேன்.

இதுவரை சுலபமாக வந்தது. அடுத்த வரியில் கண்ணன் பெயர். எழுதி அடித்தேன். "என் கணவரின் உறவினர் ஒருவர்" என்று மாற்றினேன். படித்துப் பார்த்தேன், மறுபடியும் கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. அதையும் அடித்துவிட்டு முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு எழுதினேன். அதற்குக் கீழே: கூண்டில் பார்க்கவில்லை என்று சொன்னது பொய்.

வேலைக்கு என்ன ஆகும், தெரியாது. பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை, தெரியாது. தேடிப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். தெரிந்தால் போக மாட்டேன்.

இவர் வந்தார். "என்ன எழுதுற?"

"மருந்து லிஸ்டு."

செவ்வாய், புதன் இரண்டு நாள் லீவு எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். மெட்ராஸ் வக்கீல் விலாசம் செ. அண்ணன் தாளில் பார்த்தது, மனப்பாடமாக இருக்கிறது. அவரிடம் சொல்லப்போவதில்லை, வேண்டாம் என்பார். இவரிடம் சொல்வது கையெழுத்துப் போட்ட பிறகு. அதற்கு முன்னால், நாளைக்கு, மல்லிகா வீட்டுக்குப் போக வேண்டும். அவள் வேறு யார் வாயிலாகவும் கேட்கக் கூடாது.