கதவில் விழுந்த கீறல்

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பூவரசனுக்கு அம்மா எழுதுவது. நீயும் இளவேனிலும் மெல்போர்ன் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். போனில் சொன்னால் மீட்டிங்ல இருக்கேம்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தையாவது கடைசி வரை படி.

இன்று காலை பாலக்கரையிலிருந்து ஹபீபுல்லா என்று ஒருவர் மனைவி வஹீதாவோடு வந்து நின்றார். வண்டி பாக்க வந்தோம்மா, உங்க பையன் குரூப்ல போட்டிருந்தாரு என்றார். எந்த வண்டி என்று கேட்டால் நம் சிவப்பு வண்டியைக் கை காட்டுகிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் அந்தப் பெண் முன்சீட்டில் ஏறி சீட்டைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். என் பெயரில் இருக்கிற வண்டி, நான் ஓட்டுகிற வண்டி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்கக் கிளம்பிவிட்டாயே, நன்றாக இருக்கிறதா?

போன தடவை வந்தபோது பின்கண்ணாடியில் காவிரிக்கரை கார் குடும்பம் என்று உங்கள் ஃபேஸ்புக் குரூப் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாய். எந்த நாட்ல இருந்தாலும் நம்ம ஏரியா ஆளுங்க ஒண்ணா இருக்கோம்மா என்றாய், சரி, பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று விட்டேன். அன்றிலிருந்து வண்டியை எங்கே நிறுத்தினாலும் எவனாவது போட்டோ எடுக்கிறான். உத்திரவீதியில் காய் வாங்கினால் ஒரு போட்டோ, முக்கொம்புக்குப் போனால் ஒரு போட்டோ. நம்ம ஏரியா வண்டி என்று போட்டு நூறு பேர் லைக். அதில் முதல் லைக் உன்னுடையது. பெற்றவளுக்கு வாரம் ஒரு போன் போடத்தான் உனக்கு நேரமில்லை.

ஹபீபுல்லாதான் தன் போனில் எல்லாம் காட்டினார், பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது. இரண்டு வாரம் முன்னால் தில்லைநகரில் யாரோ எடுத்த போட்டோ, இடது கதவில் நீளக் கீறல். கீழே நீ எழுதியிருக்கிறாய், அம்மாவுக்கு வயசாயிடுச்சு, கை நிதானம் இல்ல, வண்டியக் குடுத்துடலாம்னு இருக்கேன், நம்ம ஆளுங்க யாராவது எடுத்துக்குங்க என்று. ஏண்டா, என் கை நிதானத்தை ஊரெல்லாம் கூட்டி வைத்தா பேசுவாய்?

கீறல் எப்படி வந்தது என்று சொல்கிறேன், பதறாதே, அப்பா இப்போது தேவலை. அன்று காலை காபி குடிக்கும்போதே அவருக்கு வாய் கோணிப் பேச்சு குழறியது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. பக்கத்து வீட்டு நல்லுசாமியும் நானுமாக அவரைப் பின்சீட்டில் கிடத்தினோம். வண்டியை வெளியே எடுக்கும்போது கதவு கேட்டில் உரசியது, நான் நிறுத்தவில்லை. காவிரிப் பாலம் முழுக்க ஹார்னிலிருந்து கை எடுக்காமல் தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்கம்மா, இல்லன்னா வலது கை போயிருக்கும் என்றார் டாக்டர். இன்றைக்கு அந்தக் கையால்தான் டம்ளரைப் பிடிக்கிறார். வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு அதே வண்டியில்தான் கூட்டிப் போகிறேன், வண்டி போனால் அதுவும் போச்சு. உன்னிடம் மறைத்தது தப்புதான். அவனுக்குப் புது வேலை, பூரணி, பயந்துடுவான் என்று அப்பா தடுத்தார், நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நடந்ததை நான் சொல்லக் கேட்டதும் ஹபீபுல்லா, வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்மா என்று சொல்லி, அப்பாவோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போகும்போது அப்பாவைக் கைபிடித்து ஏற்றி இறக்க வருகிறாராம். முன்பின் தெரியாத மனுஷர்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து இருக்க வேண்டும், ரங்கநாதரும் தாயாரும் துணை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வண்டி விற்பனைக்கு இல்லை என்று இதைப் படித்த கையோடு குரூப்பில் போட்டுவிடு. போடுமுன் அந்தப் போட்டோவை இன்னொரு தடவை திறந்து பார். கதவைப் பார்க்காதே. வண்டிக்குப் பின்னால் அவசர சிகிச்சைப் பிரிவு என்று எவ்வளவு பெரிய போர்டு இருக்கிறது பார். நூறு பேர் பார்த்தீர்கள், யாருக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தர் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லையேடா.

இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா,
பூரணி