தண்ணீர் வரி கேட்டு வந்த அக்காவுக்கு

அக்கா,

காப்பிப்பழம் காயும் புளித்த வாசனை இன்று காலை ஊராட்சி அலுவலகத்துக்குள் வந்தது. வாசல்தோறும் பழம் காய ஆரம்பித்தாலே ரசீதுப் புத்தகத்தோடு தண்ணீர் வரி கேட்டுக் கிளம்பிவிடுவீர்கள். நம் மலையில் காசு புழங்குவது அப்போதுதான் என்று, மார்ச் மாத வசூலைக் காப்பி அறுவடைக்கு மாற்றியவரே நீங்கள்தான்.

மத்திய அரசின் மானியம் பெரிய தொகையாக வந்த வருடம் நினைவிருக்கிறதா? நான் தலைவர், நீங்கள் துணைத்தலைவர். குடிநீருக்கென்றே பணம் வந்திருக்கும்போது வரி எதற்கு, தள்ளுபடி செய்துவிடலாம் என்றேன். கைதட்டல் வாங்கும் ஆசை, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எழுந்தீர்கள்.

"ஏனுங்க தலைவரே, மானியம் விருந்தாளி மாதிரிங்க. விருந்தாளிய நம்பி ஊட்டு அடுப்ப இடிப்பாங்களா?"

உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். தீர்மானம் தோற்றது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஊராட்சிக் காசோலையில் நாம் இருவரும் கையெழுத்திட்டாக வேண்டும். இரண்டு மாதம் உங்கள் முகம் பார்க்காமல் செயலரிடம் கொடுத்தனுப்பினேன். நீங்களோ கையெழுத்தோடு ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் அனுப்புவீர்கள். தின்றேன், பேசவில்லை.

இந்த வருடம் அந்த மானியத் தவணை வரவில்லை. ஏற்காடு பஸ்ஸைப் பிடித்து ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு முறை போய்க் கேட்டேன். மேலிருந்து வந்தால்தான் மாநிலம் தரும், மாநிலம் தந்தால்தான் நமக்கு வரும் என்கிறார்கள். சாலை வேலை பாதியில் நிற்கிறது. ஆனால் மோட்டார் போட்டால்தான் தண்ணீர் ஏறும் மேட்டுத்தெருவில் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. கரண்ட் பில்லும் மோட்டார்காரர் சம்பளமும் நம் வரியில் போகின்றன.

நேற்று கிராம சபையில் ஒருவர் எழுந்து, "தேர்தல் வருதுங்க, இந்த வருசம் வரியத் தள்ளுபடி பண்ணிருங்க" என்றார். யார் என்கிறீர்கள்? உங்கள் மகன்!

"முடியாதுங்க தம்பி. பண்ணுனா மோட்டார் நின்னுரும். இதையேதான் அன்னைக்கு நானும் கேட்டேன், உங்கம்மா விடல. அவங்க சொன்னதுதான் சரி. நாந்தான் தப்பு" என்றேன்.

உங்கள் மகன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து முதல் ரசீதை வாங்கிக்கொண்டார்.

தேர்தலில் எனக்கு ஓட்டு குறையலாம். குறையட்டும். 'நாந்தான் தப்பு' என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை. நீங்கள் இருந்தபோதே உங்கள் காது கேட்க ஒரு தரம் சொல்லியிருக்கலாம், அக்கா.