நூற்றுப் பதினெட்டாவது கடிதம்

நாள் 211. காலை 07:10. வியாழன் கோள் அஞ்சல் நிலையம்
நிலவுகளுக்கு அனுப்பும் இரண்டு அலைபரப்பிகளும் இயங்குகின்றன. வேகம் முழு அளவு. பூமியிலிருந்து வந்த கடிதங்கள் 64, நிலவுகளுக்கு அனுப்பியவை 64. என் ரத்த அழுத்தம், மனைவி கேட்டால், சாதாரணம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் மாடக்கண்ணு, வயது ஐம்பத்தொன்று, நிலையத்தில் ஒரே ஆள். கடிதங்களை வாங்கி அனுப்புவது வேலை. படிப்பது வேலையில் சேராது. படிக்கிறேன். ஏழு மாதம் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்து பாருங்கள், நீங்களும் படிப்பீர்கள். கானிமீடில் ஒரு பொறியாளருக்கு இரண்டாவது குடும்பம் இருப்பது முதல் குடும்பத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.

வரிசையில் உறவினர் கடிதத்துக்குத்தான் முதலிடம், மற்றதெல்லாம் பிறகு. தொழிலாளர்கள் போராடி வாங்கிய விதி. நானும் கையெழுத்துப் போட்டேன்.

நாள் 213. காலை 09:30
கலிஸ்டோ பனித்துளை முகாமிலிருந்து ஒரு கடிதம். ஆவுடைச்செல்வி, இருபத்துநாலு வயது, தென்காசி. எங்கள் பக்கத்துப் பெண் என்பதால் இரண்டு முறை படித்தேன். நிணநீர்ப் புற்றுநோய். முகாமில் மருத்துவர் கிடையாது, தானியங்கி மருத்துவ அலமாரிதான் மருந்து ஏற்றுகிறது. சென்னையிலிருந்து டாக்டர் ரெஹானா கடிதத்தில் வழி சொல்கிறார்.

"டாக்டர், தேடித் தேடிப் படிச்சேன். எல்லாப் படத்துலயும் அறுபது வயசுக்காரங்க. முடி எப்பக் கொட்டும், வேலைக்குப் போலாமா, பின்னால பிள்ளை பெத்துக்க முடியுமா, எதுக்கும் ரெண்டு பேரு ஒரே பதில் சொல்லல. என் வயசுல இதைத் தாண்டுனவங்க யாராவது இருந்தா ஒரு கடிதம் போடச் சொல்லுங்க. வீட்டுக்குத் தெரியாது. அம்மா தாங்கமாட்டா. எல்லாம் முடிஞ்சதும் நானே சொல்லிக்கிடுதேன்."

நாள் 215. மாலை 16:00
இரண்டாவது அலைபரப்பியின் சூடேற்றி நின்றது, பனி மூடிவிட்டது. வேகம் பாதி.

இன்னொன்றும் நின்றது: என் வாய்க்கட்டு. தென்காசியில் என் ஒன்றுவிட்ட அக்கா சண்முகவடிவுக்கு எழுதும்போது, ஆவுடையின் நோய் பற்றிச் சும்மா ஒரு வரி. யாரிடமும் சொல்லாதே என்று அடியில் கோடு போட்டேன். அக்கா பதில்: "ஏல மாடா, நான் யாருட்டல சொல்லப்போறேன்."

நாள் 219. காலை 08:00
அக்காவின் குடும்பக் குழுவில் 212 பேர் என்பதும், ஆவுடையின் சொந்தங்களும் அதில் உண்டு என்பதும் இன்று தெரிந்தது. ஆவுடைக்கு நேற்று மட்டும் 90 கடிதங்கள். சீதாப்பழ இலை. வெந்நீரில் மஞ்சள். ஒரு சாமி படம், அதுவே நாற்பது நிமிடம் எடுத்தது. நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இப்போது தலை குனிந்திருப்பேன்.

நாள் 221. காலை 10:00
முதல் அலைபரப்பியிலும் பனி. வேகம் பத்தில் ஒன்று. அவளிடமிருந்து டாக்டருக்கு:

"நேத்துலேருந்து காய்ச்சல், 101. சித்தப்பா, அது நோய் எரியுறது, மருந்து போட்டு அணைச்சிராதேன்னு எழுதியிருக்காரு. பதினாலு பேரு அதையே சொல்லுதாங்க. இத்தனை பேரு சொன்னா நெசமா இருக்குமோ? இங்க கேக்க ஆளில்ல. மத்த மூணு பேரும் துளை போடப் போயிருக்காங்க, வர ஒம்பது நாளாகும்."

11:50
டாக்டர்: "செல்வி, காத்திருக்காதே. இந்த மருந்து ஏறும்போது காய்ச்சல் வந்தால் அவசரம். அலமாரியில் சிவப்பு மூடி போட்ட ஊசி. இப்போதே போடு. பிறகு எழுது."

கூடவே இன்னொன்று: "நான் ரெஜினா, நாகர்கோவில். எனக்கும் இருபத்தி மூணு வயசுல வந்துச்சு. முடி திரும்ப வந்தது, ஆனா சுருட்டையா. எது வேணும்னாலும் கேளு, வெக்கப்படாதே."

உறவினர் கடிதங்களுக்கெல்லாம் பின்னால், வரிசையில் 118, 119. போய்ச்சேர முப்பத்தோரு மணி நேரம்.

12:05
வரிசையை மாற்றக் கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினேன். என்னிடம் ஒரு பணியாளர் வழி உண்டு: மணிக்கு ஒரு வரி. அனுப்பினேன்: "டாக்டர் சொல்கிறார்: சிவப்பு மூடி ஊசி, இப்போதே. மாடக்கண்ணு."

அவள்: "நீங்க எந்த ஊரு மாமா? காலையில ஒருத்தர் வேப்பெண்ணெய் சொன்னாரு. இப்ப ஊசியா. அக்கறைக்கு நன்றி."

13:05
"அஞ்சல் நிலையம். டாக்டர் கடிதம் இங்கே நிற்கிறது. நான் படித்தேன்."

அவள்: "அப்ப என் கடிதத்தை எல்லாம் படிக்கிற ஆளு நீங்க. எங்க வீட்டுக்குச் சொன்னதும் நீங்கதானா?"

13:40
தலைமையகம்: "வரிசையை மாற்ற, பெறும் முகாமின் மருத்துவ அலுவலர் கையொப்பம் தேவை." அந்த முகாமில் மருத்துவ அலுவலர் ஓர் அலமாரி.

அடுத்த வரிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். இல்லை என்று சொல்லலாம். பொய் எனக்குப் புதிதல்ல. ஆனால் பொய் சொல்லும் ஆள் நீட்டுகிற ஊசியை யார் போட்டுக்கொள்வார்கள்?

14:05
"ஆமாம், நான்தான். மன்னித்துவிடு. ஆனால் ஊசி உண்மை."

அவள்: "அம்மா மூணு நாளா சாப்பிடலையாம். தங்கச்சி கல்யாணப் பேச்சு நின்னுபோச்சு. இப்ப உங்களை நம்பி நான் ஊசி போடணும், என்ன. டாக்டரு எழுதட்டும், போட்டுக்கிடுதேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். காய்ச்சல் 103."

பிறகு திரையில்: பெறுநர் இந்த வழியை மூடிவிட்டார்.

அக்காவுக்கு எழுதினேன். யாரும் அவளுக்கு எழுதக் கூடாது, வரிசை காலியாகட்டும் என்று கெஞ்சினேன்.

15:55
அக்கா: "குழுவுல சொல்லிட்டேம்ல. எல்லாரும் தங்கமானவங்க. 'இனிமே எழுதல தாயி, மன்னிச்சுக்கோ'ன்னு ஆளாளுக்கு அவளுக்கே எழுதிட்டாங்க."

மன்னிப்புக் கடிதங்கள் 71. எல்லாம் உறவு. டாக்டருக்கு முன்னால் போய் நின்றுவிட்டன. நான் சிரித்தேன். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது, அது சிரிப்புதானா என்றும் தெரியவில்லை.

நாள் 222. காலை 11:00
வரிசை நகர்கிறது. இப்போது போவது ஒரு மாமாவின் காலை வணக்கம், ரோஜாப் படத்துடன். ஒவ்வொரு இதழாகப் போகிறது. அலைபரப்பியின் பனியை உடைக்க மேலே ஏறினேன். கை மரத்தது, பனி அப்படியே இருக்கிறது. அவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

நாள் 223. காலை 09:20
டாக்டரின் கடிதம் போய்ச்சேர்ந்தது. திறக்கப்படவில்லை.

10:00
திறக்கப்படவில்லை. எல்லாக் கடிதத்தையும் உடனே திறக்கிற பெண்.

11:40
ரெஜினாவின் கடிதமும் சேர்ந்தது. இரண்டும் திறக்கப்படவில்லை.

டாக்டர் ரெஹானா, நிலையத்துக்கு: "அவள் ஊசி போட்டாளா? அவளுக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். தயவுசெய்து பாருங்கள்."

பார்க்கிறேன். கலிஸ்டோ சன்னலில் தெரிகிறது. கட்டைவிரல் நகத்தளவு.

12:00
திறக்கப்படவில்லை

13:00
திறக்கப்பட... அதே சொல்தான். முடிக்க மனம் வரவில்லை.